முட்டத்துல இருந்த ஹாட் டப்பை குலசேகரத்துக்கு கொண்டு வந்தது, அதுக்காக வீட்டை ரெடி பண்ணுன வேலை

அக்கா வீடு குலசேகரத்துல இருந்து திற்பரப்பு போற பக்கம், கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. அங்க இப்ப ஒரு ஹாட் டப், அதாவது சூடு தண்ணியில அஞ்சு பேரு உக்காருற பெரிய தொட்டி, வெச்சிருக்கோம். புதுசு இல்ல, முட்டத்துல கடலோரமா அத்தானோட கூட்டுக்காரர் ஒருத்தர் ஹோம்ஸ்டே நடத்துனாரு, அவரு அதை மூடிட்டு திரும்ப கல்ஃபுக்கு போறாரு, அதனால நல்ல விலைக்கு குடுத்தாரு. நான் வீட்டு காண்ட்ராக்ட் வேலை பாக்குறவன், அதனால இடம் பாக்குறது, தளம் போடுறது, கரண்டு இழுக்குறது, லோடுமேன் பிடிக்கிறது எல்லாம் என் பொறுப்புக்கு வந்துது, சந்தோசமாவே எடுத்துக்கிட்டேன், ஏன்னா அக்காவுக்கு முதுகு வலி ரொம்ப வருசமா உண்டு, டாக்டர்ட்ட கேட்டு, சூடு தண்ணியில கொஞ்ச நேரம் இருக்கலாம்னு அவரு சொன்ன பெறவுதான் இந்த பேச்சே வீட்டுல வந்துது.

நம்ம ஊர்ல இதை கொண்டு வந்து வைக்கிறவங்க இப்ப கொஞ்சம் கொஞ்சமா கூடுறாங்க, ரிசார்ட்டு மட்டும் இல்ல, வீட்டுலயும் வைக்கிறாங்க. ஆனா டப் வாங்குறதுல காட்டுற அக்கறைய அது வந்து இறங்குற இடத்துல யாரும் காட்டுறது இல்ல, வண்டி வாசல்ல வந்து நின்ன பெறவு "எப்படி உள்ள கொண்டு போறது"ன்னு யோசிக்கிறாங்க. நான் இதுல சொல்ல வாறது முழுக்க அந்த முன்வேலைய பத்திதான். பெரிய வேலை டப்புல இல்ல, வீட்டுல இருக்கு.

மொதல்ல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கிடணும், இது பாத்ரூம்ல வைக்கிற பாத்டப் மாதிரி குளிச்சிட்டு தண்ணிய தொறந்து விடுறது கெடையாது. அக்ரிலிக் தொட்டி, அதுக்கு கீழயும் பக்கத்துலயும் பைப்பு, பம்பு, ஹீட்டரு, ஃபில்டரு, கண்ட்ரோல் பாக்ஸ் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. ஒரு தடவ நெறச்சா மாசக்கணக்குல அதே தண்ணிதான் சுத்திக்கிட்டு இருக்கும், மருந்து போட்டு சுத்தமா வெச்சிக்கிடணும். அதனால அந்த எடை எப்பவும் அங்கயே நிக்கும். எங்களுக்கு கெடைச்சது 7 அடிக்கு 7 அடி, உயரம் 3 அடி, காலியா இருக்கப்ப 320 கிலோ, தண்ணி 1200 லிட்டர் பிடிக்கும்.

அத்தானுக்கு மொட்டை மாடியில வைக்கணும்னு ஆசை. மேல இருந்து பாத்தா கிழக்க மலை அப்படியே தெரியும், சாயங்காலம் காத்தும் நல்லா வரும், ஆசைப்படுறதுல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னேன், அத்தான் ஒரு பேப்பர எடுங்க கணக்கு போடுவோம்னு. தண்ணி 1200 லிட்டர்னா 1200 கிலோ, டப் 320, அதுல அஞ்சு பேரு இருந்தா ஒரு 350 கிலோ, மொத்தம் 1870 கிலோ. அது நிக்கிற இடம் நாலரை சதுர மீட்டர் சொச்சம்தான், அப்ப ஒரு சதுர மீட்டருக்கு 410 கிலோ கிட்ட வருது. கட்டடத்துக்கு எவ்வளவு பாரம் கணக்கு வைக்கணும்னு சொல்ற ஐஎஸ் 875ன்னு ஒரு இந்திய தரவிதி இருக்கு, அதுல ஆள் ஏறி நடக்குற மொட்டை மாடிக்கு டிசைன் லோடு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம், வீட்டுக்குள்ள உள்ள ரூமுக்கே 200 கிலோதான். அப்ப மாடிக்கு கணக்கு போட்டதை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு பாரத்தை ராத்திரி பகலா அதுமேல வைக்கப்போறோம். "நம்ம சின்டெக்ஸ் 1000 லிட்டர் மேலதான இருக்கு மாப்ளே"ன்னு கேட்டாவ. அது நியாயமான கேள்விதான், ஆனா அந்த டேங்க் நிக்கிறது படிக்கட்டு ரூமுக்கு மேல, சுவரு சந்திக்கிற மூலையில, எடை நேரா சுவத்துல இறங்குது, தளத்துக்கு நடுவுல இல்ல. மாடியிலதான் வைக்கணும்னா ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர கூப்பிட்டு, பீம் எங்க போகுது, கம்பி என்ன போட்டிருக்குன்னு பாத்து, அவரு எழுதி குடுத்தா வைக்கலாம், கொத்தனார் வாயால சொல்றத நம்பி வைக்கக்கூடாது, இந்த விசயத்துல நான் யாருக்கும் விட்டு குடுக்க மாட்டேன். கடைசியில பின்பக்கம் அடுக்களைக்கு வெளிய இருந்த காலி இடம்னு முடிவாச்சு. அக்காவுக்கும் படி ஏற வேண்டாம்.

அடுத்து வழி. இதுலதான் நெறைய வீட்டுல வேலை முடங்குது.

டப்ப படுக்க வெச்ச மாதிரி கொண்டு போகணும்னா 7 அடி அகலம் வேணும், எந்த வீட்டு சந்துலயும் அது கெடையாது. அதனால ஒரு பக்கமா நிமித்தி, வீல் வண்டியில ஏத்தி, செங்குத்தா தள்ளிட்டு போறதுதான் வழக்கம். அப்ப அகலம் 3 அடி, உயரம் 7 அடி, வண்டியோட உயரம் ஒரு அரை அடி. எங்க வீட்டு பக்கவாட்டு சந்து சுவருல இருந்து காம்பவுண்டு வரை 4 அடி, கேக்குறவங்களுக்கு தாராளமா போகும்னு தோணும். ஆனா மேல பாக்கணும். நம்ம வீடுகள்ல லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல போற காங்கிரீட்டு பட்டை, 7 அடியில வரும், அதுலதான் சன்ஷேடு, அது 2 அடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. ஏழரை அடி உயரத்துல வாற சாமானம் சன்ஷேடுக்கு அடியில நுழையாது, வெளிய மிச்சம் இருக்கது 2 அடி, டப்போட அகலம் 3 அடி. அவ்வளவுதான், அந்த வழி அடைஞ்சு போச்சு. அதோட ஏசி அவுட்டோர் ஒண்ணு அதே சந்துல தொங்குது.

இன்னொரு கணக்கும் உண்டு, நெறைய பேரு விட்டுருவாங்க. படுத்து கிடக்க டப்ப நிமித்துறப்ப அதோட மூலை ஒரு வட்டம் போட்டுதான் மேல போகும், நடு வழியில அது 7 அடிய விட உயரமா நிக்கும், 7க்கு 3 அடின்னா குறுக்கு அளவு 7.6 அடி, அதாவது 7 அடி 7 இஞ்சு. போர்ட்டிகோவுக்கு அடியில, இல்லன்னா தகர ஷெட்டுக்கு அடியில நிமித்தவோ சாய்க்கவோ நெனச்சா இடிக்கும். அதனால சாய்க்குற இடத்துக்கு மேல ஒரு 8 அடியாவது காலியா இருக்கணும், தரையிலயும் ஆள் நின்னு பிடிக்க இடம் வேணும்.

கிரேன் வெச்சு வீட்டுக்கு மேல தூக்கி இறக்கலாமான்னும் பாத்தேன். ஹைட்ரா வந்து நிக்க ரோடு பத்தாது, அதுவும் போக வீட்டுக்கு முன்னால ஈபி லைன் குறுக்க போகுது. லைனுக்கு பக்கத்துல கிரேன் பூம தூக்கணும்னா ஈபி ஆபீஸ்ல முன்கூட்டியே எழுதி குடுத்து சப்ளைய நிப்பாட்டிட்டுதான் செய்யணும், கொஞ்ச தூரம் இருக்குல்லன்னு கண்ணளவுல செய்யுற வேலை அது இல்ல.

மிச்சம் ஒரே வழி, பின்பக்க விளை, அதாவது தோட்டம். அது பக்கத்து வீட்டு பாட்டாவுக்கு உள்ளது, ரப்பரு, ஓரத்துல மட்டி வாழை, கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளி). பின்னால உள்ள பஞ்சாயத்து ரோட்டுல இருந்து விளைக்குள்ள ஆட்டோ போற அளவு பாதை ஒண்ணு உண்டு, ரப்பர் பால் எடுக்க பைக்கு போற பாதை. நானும் அத்தானும் போய் கேட்டோம். பாட்டா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பெறவு எழும்பி வந்து எங்க கூடவே நடந்து பாத்துட்டு, "மக்ளே, இந்த வரிசையில நிக்க வாழை குலைக்க போற வாழை, அதுல கை படாம கொண்டு போனா கொண்டு போ, மரச்சீனி ரெண்டு மூடு போனா போகட்டும்"னு சொன்னாவ. நாங்க மரச்சீனிக்கு காசு குடுக்க பாத்தோம், வாங்கல, வேலி சரி பண்ணி தரணும்னு மட்டும் சொன்னாவ. பின்பக்க காம்பவுண்டு சுவரு ஹாலோ பிளாக்குல கட்டுனது, அதுல 9 அடி அகலத்துக்கு பிளாக்க உடையாம கழத்தி அடுக்கி வெச்சோம்.

வழி பாக்குறப்ப கீழயும் பாருங்க. பின்பக்கம்னாலே செப்டிக் டேங்கு அங்கதான் இருக்கும், பல வீட்டுல அதுமேல மண்ணு மூடி புல்லு மொளச்சி கிடக்கும், எங்க இருக்குன்னு வீட்டுக்காரங்களுக்கே ஞாபகம் இருக்காது. 320 கிலோ டப்போட எடை முழுக்க வண்டியோட சின்ன வீல்ல இறங்குறப்ப, கூட தள்ளுற ஆறு ஆளும் ஏறி நிக்குறப்ப அந்த பழைய மூடி சிலாபு தாங்கும்னு யாரு சொல்ல முடியும். நான் கடப்பாரைய வெச்சு தட்டி பாத்து, சிலாபோட நாலு மூலையிலயும் கம்பு ஊணி கயிறு கட்டிட்டேன், அதுக்குள்ள யாரும் கால் வைக்கக்கூடாதுன்னு. கிணத்துல இருந்து வாற மோட்டர் பைப்பும் மேலாப்புலதான் போகுது, அதுக்கு மேல சென்ட்ரிங் பலகை ரெண்டு அடுக்கு போட்டோம்.

தளம் போட்டது பத்தி. நம்ம பக்கம் மேல செம்மண்ணு, கீழ சரலு, காஞ்சா கல்லு மாதிரி இருக்கும், ரெண்டு மழை பெய்ஞ்சா மேல்மண்ணு நெகிழ்ந்துரும், அதுலயும் நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. 2021 நவம்பர்ல பெய்ஞ்ச மழையில இதே பின்பக்கத்துல தண்ணி எந்த வழியா ஓடுச்சுன்னு அக்காட்ட கேட்டு, அந்த ஓட்டத்துல இருந்து விலக்கிதான் இடத்தை குறிச்சேன். ஊர்க்காரங்க ஞாபகத்துல இருக்க வெள்ளத்த விட நல்ல லெவல் சர்வே கெடையாது.

9 அடிக்கு 9 அடி. மேல்மண்ண கெட்டி வாற வரைக்கும் எடுத்துட்டு, சரலும் ஜல்லியும் போட்டு தண்ணி விட்டு திமிசு போட்டு இறுக்கி, மேல 5 இஞ்சு கனத்துக்கு எம் 20 காங்கிரீட்டு, சிமென்ட், மணல், ஜல்லி 1க்கு 1.5க்கு 3. சிமென்ட் எட்டு மூட்டை கிட்ட ஆச்சு. கம்பி 8 எம்எம், ரெண்டு பக்கமும் 8 இஞ்சு இடைவெளி, கவர் பிளாக்கு வெச்சு தூக்கி கட்டுனது, தரையில கம்பிய விரிச்சு போட்டு மேல காங்கிரீட்ட கொட்டுறது வேலையே இல்ல. சுத்தி உள்ள மண்ணுல இருந்து 4 இஞ்சு உயரத்துல தளம் நிக்குது, மழை தண்ணி பெட்டிக்கு அடியில ஏறாது.

மட்டம்தான் முக்கியம். வழக்கமா வெளிய தளம் போட்டா கொத்தனார் கை தன்னாலயே வாட்டம் குடுக்கும், நல்ல பழக்கம்தான், ஆனா டப்புக்கு அது ஆகாது. தண்ணி எப்பவும் மட்டமாதான் நிக்கும், தொட்டி சரிஞ்சிருந்தா ஒரு பக்கம் ஸ்கிம்மர்ல (மேல்மட்ட தண்ணிய ஃபில்டருக்கு இழுக்குற வாய்) காத்து இழுக்கும், இன்னொரு பக்கம் விளிம்பு வரை ஏறும், ஒரே மூலையில பாரம் விழுந்து நாளடைவுல ஷெல்லுல கீறல் வரும். அதனால கொத்தனார்ட்ட முதல்லயே சொல்லி, டியூப் மட்டம் வெச்சு நாலு மூலையும் நடுவும் பாத்து, மேல ரசமட்டமும் ஓட்டி பாத்தோம். வாட்டம் வேணும்னா தளத்துக்கு வெளிய சுத்தி போடுற பேவர் கல்லுல குடுங்க. பம்பும் கண்ட்ரோல் பாக்ஸும் இருக்க பக்கம் மட்டும் 3 அடி காலியா விடணும், நாளைக்கு பலகைய கழத்தி உள்ள கை விட ஒரு ஆளு உக்காரணும்ல.

காங்கிரீட்டு போட்ட மறுநாளே பாத்தி கட்டி தண்ணி நிறுத்துனோம், மேல சாக்கு. ஒரு வாரம் நனைச்சா நடக்கலாம், ஆனா முழு பலம்னு கணக்கு வெக்கிறது 28 நாள். முட்டத்துக்காரரு வீட்ட காலி பண்ணணும்னு அவசரப்படுத்துனாரு, அத்தானும் லேசா அசைஞ்சாவ, நான் 28 தாண்டாம வண்டிய கூப்பிட விடல.

அந்த இடைவெளியில கரண்டு வேலை. டப்போட நேம்பிளேட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்லி முதல்லயே பாத்தேன், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நல்லது. செகண்ட் ஹேண்டு வாங்குறவங்க இதை கண்டிப்பா பாக்கணும், அமெரிக்காவுக்குன்னு செஞ்ச டப் 60 ஹெர்ட்ஸ்ல ஓடுறது, நம்ம 50ல அந்த பம்பு மெதுவாதான் சுத்தும், அதுபோக அவங்க வயரிங் முறையும் வேற. ஹீட்டரு 3 கிலோவாட், அதுக்கே 13 ஆம்ப், பம்பையும் சேத்து 32 ஆம்ப் லைன் தனியா மெயின் போர்டுல இருந்தே இழுத்தோம், 6 சதுர எம்எம் காப்பர். வாஷிங் மெஷின் பிளக்குல இருந்தோ மோட்டர் லைன்ல இருந்தோ எடுக்குறது கூடவே கூடாது. கேபிள் ரெண்டரை அடி ஆழத்துல பைப்புக்குள்ள, மேல செங்கல்லு பரப்பி மூடுனது, நாளைக்கு யாராவது வாழைக்கு குழி வெட்டுனா மண்வெட்டி செங்கல்லுல தட்டும்.

கரண்டு கசிஞ்சா உடனே கட் பண்ணுற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லாம இந்த வேலைய யாரும் செய்யாதீங்க, கும்பிட்டு கேக்குறேன். ஈரமா, வெறும் உடம்போட, தண்ணிக்குள்ள ஆளு இருக்க இடம் அது, எம்சிபி ஆள காப்பாத்தாது, அது வயர காப்பாத்த உள்ளது. எர்த்தும் தனியா குழி எடுத்து போட்டோம், சரல் மண்ணு கோடையில காஞ்சு கிடக்கும், அப்ப எர்த்து சரியா நிக்காது, அதனால குழிக்கு தண்ணி ஊத்த ஒரு குழாயும் விட்டிருக்கு. டப்புக்கு போற கரண்ட முழுசா துண்டிக்கிற ஐசொலேட்டர் சுவிட்ச கண்ணுக்கு தெரியுற மாதிரி, ஆனா டப்புல இருந்து கைய நீட்டுனா எட்டாத தூரத்துல சுவருல வெச்சோம். வீட்டு இன்வெர்ட்டர்ல இதை சேக்கல. சித்திரை வைகாசியில சாயங்காலம் இடி மின்னல் வந்தா ஐசொலேட்டர ஆஃப் பண்ணிருன்னு அக்காட்ட சொல்லி வெச்சிருக்கு. இந்த வேலை எல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன்தான் செஞ்சாரு, வீட்டு சேங்ஷன் லோடையும் அவரே பாத்து ஈபியில எழுதி கூட்டி வாங்குனாரு.

முட்டம் போனது கழத்துறதுக்கு. கடல் காத்து என்ன செய்யும்னு பாக்கணும்னா அந்த பெட்டிய தொறந்து பாத்திருக்கணும். பக்க பலகைய கழத்துனா ஸ்குரு தலையெல்லாம் பொரிஞ்சு காவி நெறத்துல உதிருது, கண்ட்ரோல் பாக்ஸுக்குள்ள காப்பர் முனையில பச்சை பூத்து கிடக்கு, ஒரு ரிலேக்கு பக்கத்துல பல்லி ஒண்ணு காஞ்சு ஒட்டியிருந்துது. ஆனா தொட்டி நல்லா இருந்துது, கீறல் இல்ல, ஹீட்டர் டியூபும் சுத்தம். எலக்ட்ரீசியன் முனையெல்லாம் தேச்சு, வயர் முனையில உள்ள கெட்டுப்போன லக்க வெட்டி புதுசு அடிச்சாரு, ஸ்குரு எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ்ல மாத்துனோம்.

கழத்துறதுக்கு முன்ன பவர் ஆஃப், பெறவு தண்ணி. வடிகால தொறந்தா தொட்டி காலியாகும், ஆனா பைப்புக்குள்ளயும் பம்புக்குள்ளயும் நல்ல தண்ணி தங்கி நிக்கும், அது எடையும் கூட, சாய்க்குறப்ப நேரா கண்ட்ரோல் பாக்ஸ்ல வடியவும் செய்யும். ஈரம் உறிஞ்சுற வேக்குவம் கிளீனர வெச்சு ஒவ்வொரு ஜெட்டா உறிஞ்சு எடுத்தோம், பம்பையும் பைப்பையும் சேக்குற யூனியன லூஸ் பண்ணி அதுல உள்ளதையும் வடிய விட்டு திரும்ப கையிறுக்கமா முறுக்குனோம். ஃபில்டரு, தலகாணி, மூடி, மூடிய தூக்குற கம்பி எல்லாம் தனியா. எந்த வயரு எங்க இருந்துதுன்னு கழத்துறதுக்கு முன்னாடியே ஃபோட்டோ.

லோடுமேன்கள்ட்ட ஒண்ணு மட்டும் திரும்ப திரும்ப சொன்னேன், பைப்ப பிடிச்சு தூக்காதீங்க, அடிப்பலகைய மட்டும் பிடிங்கன்னு. டப்புக்கு அடியில பைப்பு கைப்பிடி மாதிரியே வளைஞ்சு நிக்கும், கை தன்னால அங்க போகும், ஒரு பசை இளகுனா லீக் எங்கன்னு கண்டுபிடிக்க பெட்டிய முழுசா பிரிக்கணும். சாய்க்குறப்ப பம்பு இருக்க பக்கம் தரையில வராம, எதிர்பக்கம் கீழ வாற மாதிரி, அடியில பழைய மெத்தை போட்டு பைய இறக்குனோம்.

வண்டி டாடா 407 லாரி. அதோட தளத்துல டப்ப நிமித்தி வெச்சா தரையில இருந்து 10 அடிக்கு மேல வருது. மெயின் ரோட்டுல அது ஒண்ணும் இல்ல, திங்கள்சந்தை, தக்கலை வழியா சுகமா வந்துரும். பிரச்சனை ஊருக்குள்ள தாழ தொங்குற கேபிள் டிவி வயரும் நெட்டு வயரும். அதனால முந்தின நாளே பைக்குல 11 அடி கம்பு ஒண்ண பிடிச்சுக்கிட்டு அந்த பஞ்சாயத்து ரோடு முழுக்க போய் பாத்தோம், ரெண்டு இடத்துல தட்டுச்சு, கேபிள்காரர கூப்பிட்டு ஏத்தி கட்ட சொல்லியாச்சு. வண்டியில ரெண்டு பக்கமும் பெல்ட்டு, விளிம்புல பெல்ட்டு அறுக்காம இருக்க அட்டை. ஆரல்வாய்மொழி பக்கம் அடிக்கிற காத்து மாதிரி நம்ம பக்கம் இல்லன்னாலும், செங்குத்தா நிக்க டப் கப்பல் பாய் மாதிரி காத்த பிடிக்கும், டிரைவர் பைய ஓட்டுனாரு.

விளைக்குள்ள முந்தின நாள் மழை இல்ல, அது பெரிய உதவி. பாதையில சென்ட்ரிங் ஷீட்ட வரிசையா போட்டு, பின்னால உள்ளத எடுத்து முன்னால போட்டு, அப்படியே தள்ளிட்டு வந்தோம். முன்னால ரெண்டு பேரு, பக்கத்துக்கு ஒருத்தரா ரெண்டு பேரு, பின்னால வடம் பிடிச்சு ரெண்டு பேரு, ஏன்னா விளையில இருந்து வீட்டு பக்கம் இறக்கம். இறக்கத்துல தள்ளுற ஆளு தேவை இல்ல, பிடிக்கிற ஆளுதான் தேவை. பாட்டா குடைய ஊணிக்கிட்டு வாழை வரிசைக்கு பக்கத்துலயே நடந்து வந்தாவ, ஒரு வாழைக்கும் ஒண்ணும் ஆகல. தளத்துக்கு பக்கத்துல வந்ததும் சாய்ச்சு, 3 இஞ்சு பிவிசி பைப்பு நாலு துண்டு அடியில குடுத்து உருட்டி, குறிச்ச கோட்டுக்கு கொண்டு வந்து, கடப்பாரையால ஒரு நூலு தூக்கி பைப்ப உருவியாச்சு.

தண்ணி நெறைக்கிறதுக்கு முன்ன டெஸ்ட் ஸ்ட்ரிப் வெச்சு கிணத்து தண்ணிய பாத்தேன். முட்டத்துல அவருக்கு உப்பும் கடினமும்தான் தொல்லை, ஜெட்டு வாயில வெள்ளையா படிஞ்சு கிடந்துது. இங்க நேர் எதிர், தண்ணி மென்மையானது, ஆனா பிஎச் 6.5க்கும் கீழ, லேசா இரும்பும் உண்டு. பிஎச் தாழ்ந்த தண்ணி ஹீட்டர தின்னும், இரும்பு குளோரின் பட்டதும் பழுப்பாகும். அதனால ஃபில்டர் குழாய் வழியா மெதுவா நெறச்சு, முதல்ல பிஎச்ச நிலையா நிக்க வைக்கிற அல்கலினிட்டிய 80ல இருந்து 120 பிபிஎம்முக்குள்ள கொண்டு வந்து, பெறவு பிஎச் 7.2ல இருந்து 7.8க்குள்ள, அதுக்கப்புறம்தான் குளோரின், அது 3 பிபிஎம்முக்கு கொறையக்கூடாது. சூடு தண்ணியில குளோரின் சீக்கிரம் போயிரும், அதனால ஸ்ட்ரிப்ப அடிக்கடி பாக்கணும்.

கிணத்து தண்ணி 27 டிகிரி இருந்துது, 38க்கு கொண்டு வர கணக்குப்படி 15 யூனிட் கரண்டு, 3 கிலோவாட் ஹீட்டர்ல அஞ்சு மணி நேரம். குளிர் நாட்டுல இதுக்கு ரொம்ப கூட ஆகும், நமக்கு அந்த லாபம் உண்டு. ஆனா வேற ஒரு தொந்தரவு இருக்கு, கோடையில மூடிய மூடி வெச்சு பம்பு ஃபில்டருக்காக ஓடுறப்ப, அந்த மோட்டர் சூட்டுலயே தண்ணி செட் பண்ணுனத தாண்டி ஏறும். ஃபில்டர் ஓடுற நேரத்த கொறச்சு, அதையும் ராத்திரிக்கு மாத்துனா சரியாகும். 40 டிகிரிக்கு மேல எப்பவும் வேண்டாம், பிரசர் உள்ளவங்க, கர்ப்பமா இருக்கவங்க டாக்டர்ட்ட கேக்காம இறங்கவே வேண்டாம். மூடியில பூட்டு உண்டு, அக்கா வீட்டுல பேரப்பிள்ளைகள் ஓடி நடக்குறதுனால சாவி எப்பவும் அலமாரியில.

மேல பாக்குறதுன்னு சொன்னேன்ல, அதுல தென்னையும் சேரும். டப்புக்கு நேர் மேல ஒரு தென்னை சாய்ஞ்சு நின்னுது, ஒரு முத்துன தேங்கா விழுந்தா மூடி ஓட்டையாகும், ஆளு இருந்தா சொல்லவே வேண்டாம். 2017ல ஒக்கி அடிச்சப்ப அக்கா வீட்டு பக்கம் ரப்பரு எத்தனை சரிஞ்சுதுன்னு எங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அதனால அந்த ஒரு தென்னைய வெட்டிரலாம்னு அக்காவே சொன்னா, பாவம் நல்லா காய்ச்சுட்டு இருந்த மரம்தான். மூடிக்கு காத்துல பறக்காம இருக்க நாலு பக்கமும் பெல்ட்டு. பெட்டிக்கு அடியில எலி, எறும்பு போற சந்த ஸ்டெயின்லெஸ் வலை வெச்சு அடைச்சாச்சு, காத்து போக வேண்டிய ஓட்டைய மட்டும் வலையோட தொறந்து விட்டிருக்கு.

மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ 1200 லிட்டரும் மாத்தணும், அது எங்க போகணும்ங்கறத தளம் போடுறப்பவே முடிவு பண்ணணும். கிணத்து பக்கம் போகக்கூடாது, கீழ உள்ள குளத்துக்கும் போகக்கூடாது, குளோரின் மீனுக்கு ஆகாது. ரெண்டு மூணு நாள் மருந்து போடாம, பகல்ல மூடிய தொறந்து ஆள் காவல்ல வெயில் பட விட்டு, ஸ்ட்ரிப்புல குளோரின் பூஜ்யம்னு பாத்துட்டு பைப்பு வழியா தென்னை மூட்டுக்கு விடுறதா ஏற்பாடு.

காம்பவுண்டு சுவர திரும்ப பிளாக் வெச்சு அடைக்கல. ரெண்டு பக்கமும் தூண் எடுத்து, 9 அடிக்கு போல்ட்டு போட்ட இரும்பு பிரேம்ல ஷீட்டு அடிச்சு நிறுத்தியிருக்கோம், வேணும்னா கழத்தலாம். ஏன்னா இந்த டப் என்னைக்காவது ரிப்பேருக்கோ வேற வீட்டுக்கோ போகணும்னா அதுக்கு இருக்கது அந்த ஒரே வழிதான். பாட்டா வேலியும் புதுசா கட்டி குடுத்தாச்சு. அடுத்து மாசி மாசம் ரப்பரு இலை உதிர்ந்து முடிஞ்ச பெறவு டப்புக்கு மேல ஒரு கூரை போடணும், கூரை உயரம் 8 அடிக்கு கொறையாம.